‘வுட்டுடுங்க சார்’ சோபியா

காவாந்தண்டலம் காலனிக்குள் வந்து டேனியல் மகள் சோபியா வீடு எது என்று கேட்டால், போன வருஷம் வரை யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ‘வுட்டுடுங்க சார்’ வீடு எது என்று கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். ஊர் கூடி ஒரு பெண்ணுக்கு வைத்த பெயர் அது. வைத்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை.

சோபியா பொறுமைசாலி, தங்கமான பெண் என்றெல்லாம் சொல்லி ஏமாற்றுவானேன்? அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வஞ்சம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவளுடைய சோற்றுத் தட்டைக் காலால் தள்ளிய ஒருத்தியோடு படிப்பு முடிகிறவரை அவள் பேசவில்லை. அந்தப் பெண்ணே பின்னால் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினாள். சோபியா வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

“ஏசப்பா மன்னிக்கச் சொல்லிக்கீறாரு, நீ இன்னாடி இப்பிடி மனசுல வச்சிக்கினே கீற?” என்று அம்மா மேரி தலையில் அடித்துக்கொள்வாள்.

“அவரு சாமி. நான் இன்னா சாமியா?” என்பாள் சோபியா.

அப்பா டேனியல் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். மேரி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. சோபியா பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரகடம் பக்கத்தில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வரும். உள்ளே போனால் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. லைன் லீடருக்கு மட்டும் ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இங்கிலீஷ் ஆசை வந்தது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து லைனைப் பார்த்துக் கேள்வி கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஓர் உரக்கடை இருந்தது. அதன் மாடியில் ‘கிருத்தி இங்கிலீஷ் கூடம்’. படி ஏறும்போதே யூரியா வாடை மூக்கில் ஏறும். கூடத்தை நடத்தியவர் கிருத்திவாசன். கோயில் உத்தியோகம் பார்த்த குடும்பம். இவர் சென்னையில் ஏதோ ஆபீசில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து கூடம் ஆரம்பித்தவர். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் மனைவி பாமா பகலில் பள்ளிக்கூட டீச்சர். மாலையில் வந்து கூடத்தில் சேர்க்கை பார்ப்பார். மோகன் என்று ஒருவன் வீடியோ எடுப்பான். கூடத்தின் பிழைப்பே அந்த வீடியோவில்தான் ஓடியது.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்கிறவரை முதல் நாளே நீலத் திரைக்கு முன்னால் நிறுத்தி, “உங்களைப் பத்தி ஒரு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசுங்க” என்பார்கள். அது ‘முன்’ வீடியோ. படிப்பு முடிந்ததும் அதே ஆள் அதே திரைக்கு முன்னால் பொரிந்து தள்ளுவார். அது ‘பின்’ வீடியோ. இரண்டையும் ஒட்டி இணையத்தில் போட்டால் பார்க்கிறவர்கள் வரிசையில் வந்து சேருவார்கள். ‘முன்’ எவ்வளவு கேவலமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கூட்டம். கிருத்திவாசனுக்கு அது நன்றாகத் தெரியும்.

சோபியா திரைக்கு முன்னால் நின்றாள். “மை நேம் இஸ் சோபியா” என்பது வந்தது. அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை. விளக்கு முகத்தில் அடிக்கிறது; முன்னால் முன்பின் தெரியாத ஆட்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் முட்டியது. “எனுக்கு வர்ல சார். வுட்டுடுங்க சார்” என்றாள். “ட்ரை பண்ணும்மா, ட்ரை பண்ணு” என்று அவர் சிரித்தபடி விடாமல் தூண்டினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும், “வுட்டுடுங்க சார், வுட்டுடுங்க சார்” என்றாள்.

அந்த வாரமே அது வெளியே வந்துவிட்டது. வழக்கமாக ‘பின்’ வருகிறவரை காத்திருப்பார்கள். இதைக் காத்து வைக்க அவருக்கு மனசு வரவில்லைபோல. அவள் அழுகிற இடத்தில் சேவல் கூவுகிற சத்தத்தைச் சேர்த்து, “இவங்க எப்படி வந்திருக்காங்க பாருங்க, எப்படிப் போவாங்கன்னும் பாருங்க!” என்று எழுத்து ஓட விட்டிருந்தார்கள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல், “வுட்டுடுங்க சார்!” என்றது. பஸ் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. டீக்கடையில், ரேஷன் கடையில், சபையில் பாட்டு முடிந்து வெளியே வரும்போது, எங்கே போனாலும் அதே வார்த்தை. டிரைவர்கூட அவள் இறங்கும் இடம் வந்தால், “வுட்டுட்றேன்மா, எறங்கு” என்பான்.

சோபியா மாடி ஏறிப் போய்க் கேட்டாள். கெஞ்சவில்லை, கேட்டாள். “அத்த எடுத்துடுங்க சார்.”

கிருத்திவாசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “என்னம்மா சோபியா, இதைப்போய் இவ்வளவு பெரிசா எடுத்துக்கறே? இது உன்னோட பயணம்மா. நாளைக்கு நீ பேசும்போது இதே ஜனங்க கைதட்டுவாங்க.” சொல்லிவிட்டு எழுந்தவர் போர்டில் அன்றைய இடியத்தை எழுதினார். டேக் இட் இன் யுவர் ஸ்ட்ரைட். வகுப்பைப் பார்த்துத் திரும்பி, “ஒரு கஷ்டம் வந்தா நின்னு ஒப்பாரி வைக்காதே, நடக்கிற நடையிலேயே தாண்டிப் போன்னு அர்த்தம். நம்ம சோபியா மாதிரி” என்றார். வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சேர்க்கை மேஜையில் இருந்த பாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நிமிஷம் சோபியாவுக்குள் ஏதோ கெட்டிப்பட்டது. இங்கிலீஷ் இடியம் என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அடித்தவனே அடிபட்டவளின் வாயில் மிட்டாய் போடுகிற மாதிரி அழகாக எதையாவது சொல்லிவிட்டுப் போகலாம். சட்டையில் ஒரு கறை படாது. இந்த மிட்டாய் டப்பா முழுவதையும் நான் வாங்கிக்கொள்கிறேன், ஒருநாள் இவர் வாயிலேயே திணிக்கிறேன் என்று அவள் முடிவு கட்டினாள்.

வேறு யாராவது என்றால் கூடத்தை விட்டு நின்றிருப்பார்கள். அவள் நிற்கவில்லை. “வெக்கம் கெட்ட பொண்ணு, திரும்பவும் அங்கியே போதே” என்றது தெரு. போகட்டும் என்று விட்டாள். அடிப்படை வகுப்பு முடிந்து, மேல் வகுப்பு முடிந்து, இடியமும் கடினச் சொற்களும் மட்டுமே நடத்துகிற உச்சி வகுப்பு வரை ஏறினாள். காதில் ஒயரைச் செருகிக்கொண்டு ஒரகடம் போய் வருகிற வழி முழுக்க உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். ஒரு வகையில் அதுவும் ஜெபந்தான்.

அவள் படித்த விதமே தனி. எந்த இடியம் வந்தாலும் அதில் கிருத்திவாசனை உட்கார வைத்துவிடுவாள். மற்றவர்கள் மழை, தேர்வு, மாமியார் என்று வாக்கியம் அமைப்பார்கள். இவளுடைய வாக்கியங்களில் எப்போதும் ‘ஒரு மனிதர்’ வருவார். க்ரோக்கடைல் டியர்ஸ் என்றால், ஒரு மனிதர் மாணவர்களுக்காக முதலைக் கண்ணீர் விடுகிறார். கெட் அவே வித் மர்டர் என்றால், ஒரு மனிதர் என்ன அக்கிரமம் செய்தாலும் தப்பித்துக்கொள்கிறார். ஈட் ஹம்பிள் பை என்றால், ஒரு மனிதர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கர்வத்தைத் தின்று விழுங்குவார்.

“எக்ஸலன்ட்! சோபியாவோட வாக்கியத்துல ஒரு உயிர் இருக்கு பாருங்க!” என்று கிருத்திவாசன் மெச்சுவார். ஆமாம், உயிர் இருந்தது. அவருடைய உயிர்தான் அதில் வறுபட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் எழுந்து, “பிறத்தியார் கஷ்டப்படறதைப் பார்த்து இனிக்குதே, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சார் வார்த்தை?” என்று கேட்டாள். இங்கிலீஷ்காரனிடம் அதற்குச் சொந்தமாக வார்த்தை இல்லை, ஜெர்மன்காரனிடம் ‘ஷாடன்ஃப்ராய்ட’ என்று இரவல் வாங்கி வைத்திருக்கிறான் என்று அவர் விளக்கினார். ஜெர்மனி வரை எதற்குப் போனான், எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருந்தால் போதுமே என்று சோபியா நினைத்துக்கொண்டாள்.

நிறைவு விழா உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊர் ஊராகப் பெற்றோர்கள் வந்திருந்தார்கள். மேரி பெட்டிக்கு அடியில் இருந்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். சிறந்த மாணவி பேசுவார் என்று கிருத்திவாசனே அறிவித்தார். சோபியா மைக்கைப் பிடித்தாள். இந்த முறை வார்த்தை நிற்கவில்லை.

அவள் பேசியது முழுக்க முழுக்க இங்கிலீஷ். அதன் சாரம் இதுதான்: இந்த மனிதர் என்னை ஊர் சிரிக்க வைத்தார். என் கண்ணீரை எடுத்துத் தன் கூட்டுக்கு மெத்தை போட்டுக்கொண்டார். புண்ணில் உப்பைத் தேய்த்துவிட்டு, நடக்கிற நடையில் தாண்டிப் போ என்று எனக்கே பாடம் எடுத்தார். இவர் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய். இவரை நான் மன்னிக்கவில்லை. இவர் கொடுத்த மருந்தை இவரே குடிக்கிற நாள் வரும். ஒவ்வொன்றும் அவர் போர்டில் எழுதிக் கொடுத்த இடியம், ஒன்று பிசகவில்லை.

முதல் வாக்கியத்தில் கிருத்திவாசனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்போதுதான் அவள் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மண்டபம் அதிரக் கைதட்டியது. இரண்டாவது வாக்கியத்துக்கு இன்னும் பலமாக. ஓநாய் என்றபோது பின்வரிசையில் விசில் பறந்தது. திக்காமல் திணறாமல் பேசினாலே அது நல்ல இங்கிலீஷ், நல்ல இங்கிலீஷ் என்றால் நல்ல சேதி. வந்திருந்தவர்களுக்கு அவ்வளவுதான் கணக்கு. என்ன திட்டினாலும் பூமாலையாகவே விழுந்தது. கிருத்திவாசன் சுற்றிலும் பார்த்தார். வெளுத்த முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அவரும் கைதட்ட ஆரம்பித்தார். அவள் முடித்ததும் ஓடிவந்து சால்வை போர்த்தி, “மை ஸ்டூடண்ட்!” என்று அவள் கையைத் தூக்கிக் காட்டினார். மேடை ஓரத்தில் நின்ற பாமா மட்டும் கைதட்டவில்லை. அவர் சோபியாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மேரி மகளின் கன்னத்தை வழித்து வழித்து நெட்டி முறித்தாள்.

“அம்மா, நான் அந்தாள திட்டிக்கீறேன்மா.”

“போடி. திட்டுனா அவ்ளோ அழகாவா இருக்கும்? சாருக்கே கண்ணு கலங்கிச்சி, நான் பாத்தேன்.”

சோபியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை காலம் உருப்போட்டு உருப்போட்டுச் சேர்த்தது எல்லாம் அவருக்கே மாலையாகப் போய் விழுந்ததே என்று குமைந்தாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மண்டபத்தில் மோகன் எடுத்ததையே ‘பின்’னாக்கி, கிருத்திவாசன் இரண்டு வீடியோவையும் ஒட்டிப் போட்டார். ‘முன்’னில் சத்தம் இருந்தது. அழுகை, சேவல், “வுட்டுடுங்க சார்” எல்லாம் அச்சு மாறாமல் இருந்தது. ‘பின்’னில் அவள் பேச்சை மொத்தமாக எடுத்துவிட்டு ஒரு மேளச் சத்தத்தைப் போட்டிருந்தார். அவள் வாய் அசைகிறது, கை அசைகிறது, ஜனங்கள் தட்டுகிறார்கள். அவள் சொன்னது ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆள் விவரமானவர், சந்தேகமே இல்லை. அந்த வீடியோ முன்னைவிட நாலு பங்கு ஓடியது. திருமுக்கூடல், ஓரிக்கை என்று ஆற்றோரம் எல்லாம் போயிற்று. அவள் நன்றாகப் பேசியதாலேயே அவள் அழுதது இனிமேல் அழியாது என்று ஆகிவிட்டது.

பிறகு மேரியின் விஷயம் நடந்தது. நடவில் இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. சீக்கிரம் போகட்டுமா என்று மேஸ்திரியைக் கேட்டாள். அவன் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு, “ஒம் பொண்ணு வீடியோல சொல்லுச்சே, அத்த மாதிரி சொல்லு, வுட்டுட்றேன்” என்றான். மேரி சேற்றில் நின்றபடியே, “வுட்டுடுங்க சார்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மேரியும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்துக்கொண்டாள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட நட்ட தேவகிதான் சாயங்காலம் வந்து சொன்னாள்.

சோபியா அழவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கஞ்சியை ஆற்றும்போதே, இனிமேல் இந்த ஆளை நான் திட்டப் போவதில்லை என்று நினைத்தாள். திட்டினால் ஜனங்கள் கைதட்டுவார்கள். அவர் வாயாலேயே அவரைத் திட்ட வைக்க வேண்டும், அதுவும் நம்ம தெரு ஜனங்களுக்குப் புரிகிற பேச்சில்.

வழியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். புது வகுப்புக்கு ஆள் சேர்க்கிற நேரம். போனில் கூப்பிட்டு, “சோபியா, உன் வீட்டுக்கே வந்து ஒரு லைவ் பண்ணலாம்மா. உன் வீடு, உன் அம்மா, உன் தெரு. எங்கேயிருந்து எங்கே வந்திருக்கேன்னு ஜனங்க நேரடியாப் பாக்கட்டும்” என்றார். ஓட்டு வீடும் ஆடும் படத்தில் விழுந்தால் கூட்டம் இன்னும் சேரும் என்பது அவர் கணக்கு.

“வாங்க சார். மேடத்தையும் கூப்ட்டுக்கினு வாங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். தெருவே வாசலில் கூடியிருந்தது. கிருத்திவாசன் கையில் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு காரிலிருந்து இறங்கினார். மேரி கொடுத்த டீயை, “இப்பத்தான் ஆச்சும்மா” என்று தள்ளி வைத்தார். பாமா வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். மோகன் செல்போனைக் கம்பில் மாட்டி லைவை ஆரம்பித்தான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு; படம் நேராக இருக்கிறதா, வெளிச்சம் சரியா என்று மட்டும்தான் பார்ப்பான். பேசுவது காதில் ஏறாது.

கிருத்திவாசன் நன்றாகவே ஆரம்பித்தார். இந்தக் குடிசையிலிருந்து ஒரு சிங்கம் என்கிற தோரணையில் முழங்கினார். முடித்ததும் சோபியா பணிவாகக் கேட்டாள்.

“சார், மண்டபத்துல நான் பேசுனது எங்க அம்மாவுக்குப் புரியல. தெருவுல யாருக்கும் புரியல. நான் ஒவ்வொரு வரியா இங்கிலீஷ்ல சொல்றேன், நீங்களே தமிழ்ல சொல்லிடுங்க சார். நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க.”

“ஆமா சாரு, சொல்லுங்க சாரு!” என்றது தெரு. நிஜமான ஆசையோடு கேட்டார்கள். அவர் மோகனைப் பார்த்தார். மோகன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். லைவில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாத்தியார் மொழிபெயர்க்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

சோபியா முதல் வரியைச் சொன்னாள். கிருத்திவாசன் எச்சிலை விழுங்கினார். “வந்து... சார் என்னை எப்பவும் சந்தோஷமா சிரிக்க வச்சார்னு சொல்றா” என்றார்.

தெரு தலையாட்டியது. சோபியா சுவரோரம் திரும்பினாள். “மேடம், நான் அப்பிடியா சொன்னேன்?”

பாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை. “இல்லை” என்றார். “அவர் என்னை ஊர் சிரிக்க வச்சார்னு சொன்னே. கேலிப் பொருளா ஆக்கினார்னு அர்த்தம்.”

தெரு மொத்தமும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தது.

“அடுத்தது சார்” என்று சோபியா இரண்டாவது வரியைச் சொன்னாள். இனி பொய்க்கு வழியில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “என் கண்ணீரை வச்சு... தன் பிழைப்பை வளர்த்துக்கிட்டார்” என்று முனகினார். “காதுல வுழல சாரு!” என்று பின்னாலிருந்து டேனியல் குரல் கொடுத்தார். மூட்டை தூக்கிப் பழகிய குரல், தெருக் கோடி வரை கேட்டது. கிருத்திவாசன் மறுபடியும், இந்த முறை உரக்க, சொன்னார். புண்ணில் உப்பு என்பதையும் சொன்னார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக இறங்கியது.

ஓநாய் வரியில் வாய் வரவே இல்லை. சோபியா காத்திருந்தாள். இந்த அமைதி அவளுக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. நீலத் திரைக்கு முன்னால் இதே அமைதியில் அவள் நின்றிருக்கிறாள். “ட்ரை பண்ணுங்க சார்” என்றாள். “வுல்ஃப்னா என்ன சார்?”

“ஓநாய்.”

“ஷீப்?”

“ஆடு...”

மேரி சட்டென்று எழுந்து நின்றாள். “ஆட்டுத்தோல போத்திக்கினு வர்ற ஓநாயா? போதகரு சொல்வாரே, அதுவா?” மகளையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு மண்டபத்தில் தான் எதற்குக் கைதட்டினோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “அடிப்பாவி, நெசமாவே திட்டித்தான் கீறியா!”

“இன்னும் ரெண்டு வரி கீது சார்” என்றாள் சோபியா.

கிருத்திவாசன் கையை எடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. “போதும்மா. என்னை விட்டுடும்மா” என்றார்.

கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை, கேட்ட பழக்கத்தில், “வுட்டுடுங்க சார்!” என்றது. அவ்வளவுதான், தெரு வெடித்துச் சிரித்தது. தேவகி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிருத்திவாசன் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுக் காருக்கு ஓடினார். மோகன் அதையும் ஆடாமல் அசையாமல் படம் பிடித்தான். கார்க் கதவு சாத்துகிறவரை லைவ் ஓடியது. பாமா டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, மேரியிடம் டம்ளரைக் கொடுத்து, “நல்லா இருந்துதும்மா” என்று சொல்லிவிட்டு நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

சோபியாவுக்கு இனித்தது. அந்த ஜெர்மன்காரன் வார்த்தை நாக்கு நுனியில் கற்கண்டு மாதிரி கரைந்தது. மேரிதான், “பாவம்டி, கண்ணுல தண்ணி வச்சிக்கினாரு” என்றாள்.

“எனுக்கும்தான் வந்துச்சி. அவரு சேவல் சத்தம் போட்டாரு” என்றாள் மகள்.

சேவல் சத்தத்துக்கு இந்த முறையும் பஞ்சமில்லை. அவர் லைவை அழிப்பதற்குள் எவனோ அதைத் தன் போனில் பதிந்து வைத்துவிட்டான். முன்னால் அவர் சிங்கம் என்று முழங்குகிற காட்சி, பின்னால் கும்பிடுகிற காட்சி, நடுவில் சேவல். ‘முன்’, ‘பின்’ என்று எழுத்துகூடப் போட்டிருந்தார்கள். உரக்கடைக்கு யூரியா வாங்க வருகிறவர்கள் மாடியைப் பார்த்துக் கும்பிட்டு, “விட்டுடும்மா” என்றார்கள். மேஸ்திரிகூட வரப்பில் அதைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தானாம். சோபியாவின் பழைய வீடியோ கூடத்தின் இணையப் பக்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் அவளுக்கு நாற்காலியும் வந்தது. உட்கார்ந்து பார்த்தாள், கால் ஒன்றுதான் நின்றே பழகியிருந்தது, மற்றபடி சௌகரியமாகவே இருந்தது.

ஒருநாள் காலை, ஊர் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அடித்தது. கிருத்திவாசன்.

“சோபியா, உங்க தெருப் பசங்ககிட்ட சொல்லி அந்த வீடியோவை எடுக்கச் சொல்லும்மா. வகுப்புக்கு ஒருத்தரும் வரல. வெளியில தலைகாட்ட முடியல. பாமாவும் பேச மாட்டேங்கறா. நான் உன்னோட வாத்தியார்ம்மா.”

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. சோபியா அவரைப் பேசி முடிக்க விட்டாள்.

“டேக் இட் இன் யுவர் ஸ்ட்ரைட், சார்” என்றாள். வாத்தியாருக்கு மறந்துவிட்டதோ என்னவோ என்று, அவர் சொல்லிக் கொடுத்த அர்த்தத்தையும் அவளே சொன்னாள். “நின்னு ஒப்பாரி வைக்காதீங்க. நடக்கிற நடையிலேயே தாண்டிப் போங்க.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.